நாலே முக்கால் வண்டியில் வந்த குரல்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உதட்டோரச் சிரிப்பு இல்லை. ஒரு மனுஷன் கட்டிலில் கிடந்தபடி, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க, கட்டில் கால் தரையில் தந்தி அடிக்கிற மாதிரிச் சிரித்த சிரிப்பு. ஆனால் அதை இப்போதே எடுத்து நீட்டிவிட முடியாது. வண்டி நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு தொண்டை கம்ம வேண்டும், மதுரையில் ஒரு கத்தி தன் வேலையைச் செய்ய வேண்டும், ஒரு குரல் ஆள் துணை இல்லாமல் பஸ் ஏறி ஊர் வந்து சேர வேண்டும், ஒரு மிட்டாய் பிரிக்கப்படாமலே இருக்க வேண்டும். சிரிப்பு கடைசி வண்டி, மற்றதெல்லாம் போன பிறகுதான் அது வரும்.

முள்ளிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷமாக வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன். வண்டி நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ஊரில் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் குரல் வந்த திசையில் நடந்தால் சரியான படிக்கட்டில் கால் இருக்கும். "சிவகிரி வாசு புளியங்குடி கடையநல்லூர் தென்காசி தென்காசி தென்காசீஈஈ" என்று, ஆள் பேர் மாதிரி இருக்கிற வாசு என்ற ஊரையும் விடாமல் சொல்லி, கடைசித் தென்காசியை அவர் இழுக்கிற இழுப்பில், வீட்டில் தூங்குகிறவன் எழுந்து சட்டையை மாட்டிவிடுவான், தென்காசியில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லாவிட்டாலும். அவர் சிரித்தால் மூன்று நடைமேடைக்கும் கேட்கும்.

அவருக்கு ஒரே மகள், முப்பிடாதி. ஊருக்கு முப்பு. பிளஸ் டூ படித்தாள் என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டோம். அவள் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது: தலைமையாசிரியை மூக்கால் போடுகிற சைலன்ஸ், டைம் கீப்பர் வேலாயுதம் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற பேச்சு, டீக்கடை மைதீன் பிச்சை பால் ஆற்றும்போது தும்முகிற தும்மல், பின்னால் எடுக்கிற வண்டி அழுகிற அழுகை. எட்டாம் வகுப்பில் ஒருநாள் அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அப்பா குரலில் சங்கரன்கோவில் வண்டிப் பக்கம் நின்று "தென்காசி தென்காசி" என்று அவள் கூவ, கடையநல்லூர்க் கல்யாணத்துக்குப் போக வேண்டிய இருபத்திரண்டு பேர் சீர்த்தட்டோடு சங்கரன்கோவிலில் போய் இறங்கி, அங்கே நடந்துகொண்டிருந்த வேறு ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடிக்க ஓங்கிய ஆவுடையப்பனின் கை ஓங்கியபடியே நிற்க, அவர் சிரிக்க ஆரம்பித்து, அடுத்த மூன்று வண்டிக்கு ஆள் கூப்பிட முடியாமல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கூப்பிட்டது எல்லாம் சரிதாம்ட்டி," என்றார் மூச்சு வாங்கியபடி. "கடைசித் தென்காசிய இன்னுங் கொஞ்சம் இழுக்கணும்."

ஆவுடையப்பனின் அந்தத் தொண்டைதான் கம்மியது. பனிக்குக் கம்மியிருக்கிறது என்றார்கள், பீடிக்குக் கம்மியிருக்கிறது என்றார்கள், மிளகு கொடுத்தார்கள், சித்தரத்தை கொடுத்தார்கள். மதுரை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் புற்று இருக்கிறது, குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டால் உயிரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம் என்றார். இனிமேல் கழுத்தில் போடுகிற ஓட்டை வழியாகத்தான் மூச்சு, பேச்சு கிடையாது. ஆவுடையப்பன் கடைசியாகச் சத்தமாகப் பேசியது "சரி, எடுங்க".

ஆபரேஷன் நடந்தது ஒரு புதன்கிழமை. அன்றைக்கு நாலே முக்கால் மதுரை வண்டி முள்ளிக்கோட்டைக்குள் திரும்பி நிற்கும்போதே படிக்கட்டிலிருந்து, "இறங்குறவங்கள இறங்க விடுங்கய்யா, பொறவு ஏறலாம்" என்று ஆவுடையப்பன் குரல் கேட்டது. குரல் இறங்கியது. ஆள் இறங்கவில்லை.

"மதுரைலேர்ந்து வருது," என்றார் கண்டக்டர், விசிலைத் துடைத்துக்கொண்டே. "டிக்கெட் கேட்டேன். 'நான் ஸ்டாஃபுவே'ன்னுட்டு."

குரல் நேராகப் போய்த் தன் தூண் பக்கத்தில் நின்றது, அல்லது அங்கிருந்து கேட்டது, ஐந்து மணி ராஜபாளையம் வண்டிக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்தது. மைதீன் பிச்சை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு ஒரு கிளாஸ் டீ ஆற்றித் தூணின் திண்டில் வைத்தார். டீ ஆறி, ஆடை படிந்து, ஈ விழுந்தது, மறுநாளும் வைத்தார். டைம் கீப்பர் வேலாயுதத்துக்குத்தான் கொஞ்சம் யோசனை, உடம்பு இல்லாத ஆளை ஸ்டாண்டுக்குள் விடச் சட்டம் இருக்கிறதா என்று, சட்டத்தில் குரல் வரக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை என்று தெரிந்ததும் அவரும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "என்னவே அண்ணாச்சி, மதுரை வெயில் எப்பிடி?" என்று ஆரம்பித்தார். ஒரு வாரத்துக்குள் ஊர் அதைப் பழகிவிட்டது. குழந்தைகள் பயந்தால் குரலிடம் கொண்டுபோய்க் காட்டி ஒரு அதட்டல் வாங்கிக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையைத் தூணில் செருகி, "அண்ணாச்சி அவசியம் வரணும்" என்றார்கள். அது போனது, பந்தியில் "சாம்பார் இந்தப் பக்கம்" என்று அதட்டிவிட்டு வந்தது.

உடம்பைப் பற்றிக் கேட்காமலும் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக மதுரைக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர்கள் நிறையப் பேர். வந்தவர்கள் தூணைப் பார்த்துக் கேட்பார்கள்.

"எப்பிடி இருக்கீரு அண்ணாச்சி?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"வலி கிலி?"

"வலியா, அப்பிடின்னா என்ன?"

கேட்டவர்களுக்கு நிம்மதி. பார்க்க வேண்டியவரைப் பார்த்தாயிற்று, விசாரிக்க வேண்டியதை விசாரித்தாயிற்று. ஹார்லிக்ஸை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுத்தார்கள்.

பதினெட்டாவது நாள் அதே நாலே முக்கால் வண்டியில் ஆவுடையப்பன் வந்து இறங்கினார். பாதி உடம்பாக இருந்தார். கழுத்தில் ஓட்டை, ஓட்டைக்கு மேல் ஈரம் நனைத்த மெல்லிய துணி, துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அந்த நேரம் குரல் தென்காசி வண்டிக்குக் கூவிக்கொண்டிருந்ததால் ஸ்டாண்டே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மைதீன் பிச்சை மட்டும் கவனித்து, தூண் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, உம்ம ஆளு வந்துட்டாரு" என்றார். ஆவுடையப்பன் மைதீனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மைதீன் அதற்குள் அடுத்த டீக்குத் திரும்பியிருந்தார்.

வீடு பஸ் ஸ்டாண்டுச் சுவரை ஒட்டிய சந்தில். குரல் சாயங்காலமானால் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஜன்னல் கம்பியில் இருந்தபடி அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்லும்: மாலையில்லாமல் வந்த மாப்பிள்ளை, ஆட்டுக்குட்டியை மடியில் மறைத்து ஏற்றிய கிழவர், கண்டக்டரிடம் அகப்பட்ட குட்டியின் 'மே'. முப்பு விழுந்து விழுந்து சிரிப்பாள், பதிலுக்கு 'மே' போடுவாள், இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டி போடுவார்கள், அம்மா சண்முகக்கனி அடுப்படியிலிருந்து, "ரெண்டும் ஒண்ணாச் சேந்துட்டு" என்று பூரித்துப்போவாள். கட்டிலில் கிடந்த மனுஷனுக்கு ஒரு சிலேட்டும் சாக்பீஸும் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் ஆட்டுக்குட்டிக் கதை முடிந்து முப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவர் சிலேட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். 'தண்ணி' என்று இருந்தது. கை நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்தால், ஆட்டுக்குட்டி ஏறுவதற்கு முந்தியே தூக்கியிருக்க வேண்டும்.

அப்படி இருந்தபோதுதான் ஜெயசீலி சிஸ்டர் வந்தார். சர்ச் தெருக்காரர், நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ், நீல ஸ்கூட்டர், பெரிய பை. வந்ததும் கையைக் கழுவினார், கழுத்துத் துணியை எடுத்துப் பார்த்தார், ஓட்டைக்குள் இருந்த குழாயைக் கழற்றிச் சின்ன பிரஷ்ஷால் சளியைத் தேய்த்துக் கழுவக் கனிக்குக் காட்டிக் கொடுத்தார், காய்ந்த துணி போட்டால் மூச்சுக்குழாய் காய்ந்துபோகும், எப்போதும் ஈரம் இருக்க வேண்டும் என்றார். கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றைக் காட்டினார். டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி அது பேச, ஆவுடையப்பன் அதைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார். பிறகு சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, வலி எத்தனை? இல்லவே இல்லன்னா பூச்சியம், தாங்கவே முடியலன்னா பத்து. விரலக் காட்டுங்க."

ஜன்னல் கம்பியிலிருந்து குரல் முந்திக்கொண்டது. "பூச்சியம் சிஸ்டர்! எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். கனி, சிஸ்டருக்கு ஒரு காப்பி போடு."

கனி சிரித்தாள். முப்பு சிரித்தாள். கட்டிலில் ஆவுடையப்பன் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கையில் ஐந்து விரல், இன்னொரு கையில் மூன்று.

சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. "எட்டா? எத்தன நாளா?"

'வந்த நாள்லேந்து' என்று சிலேட்டில் எழுதினார்.

"அதெல்லாம் சும்மா சிஸ்டர். படுத்தே கெடந்தா அப்பிடித்தான் தோணும்."

"நான் உங்ககிட்ட கேக்கல," என்று சிஸ்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். "வலிக்கிற ஆளு இங்க இருக்காரு. நான் அவருகிட்டதான் கேப்பேன்."

நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று ஆயிற்று. வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முந்தி. "எனக்குக் கடியாரம் பாத்துப் பழக்கமில்ல சிஸ்டர், பஸ்ஸு பாத்துதான் பழக்கம்" என்று கனி சொல்ல, "அப்ப பஸ்ஸ வச்சே குடுங்கக்கா" என்றார் சிஸ்டர். காலை ஆறு தென்காசி வண்டிக்கு ஒன்று, பத்து சங்கரன்கோவில் வண்டிக்கு ஒன்று, ரெண்டு ராஜபாளையம் வண்டிக்கு ஒன்று, மறுபடி சாயங்காலம் ஆறு தென்காசி. மூன்றே நாளில் ஆவுடையப்பனின் விரல் எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. ஜன்னலில் கொக்கி மாட்டிய அன்றைக்கே குரலின் முகம் சுண்டிவிட்டது, முகம் என்று ஒன்று இருந்திருந்தால். வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் காலை ஒன்பது இருபது சென்னை வண்டியின் படிக்கட்டில் அது ஏறுவதை முப்பு கேட்டாள், புத்தகப் பையோடு ஓடினாள்.

"எங்க போறீய?"

"மெட்ராஸுக்கு. ஸ்டாண்டு ஒரு ஊரு மாதிரி இருக்காம்லா."

"அப்பாவ விட்டுட்டா?"

"அவருகிட்ட இருந்து நான் என்ன செய்யட்டும்? என்னைய வைக்க அங்க எடமில்ல முப்பு. ஓட்டைதான் இருக்கு." பிறகு, வழக்கமான சந்தோஷத்தோடு, அவளை மறந்து, "மதுரை திருச்சி விழுப்புரம் மெட்ராஸ் மெட்ராஸ்" என்று கூவிக்கொண்டே அது போய்விட்டது.

அன்றைக்கு முப்பு பள்ளிக்கூடம் போகவில்லை. சொந்தக் குரலே ஒரு ஆளை உதறிவிட்டுப் பஸ் ஏறிப்போகும் என்றால் அப்புறம் யாரை நம்புவது என்று பார்சல் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். சிஸ்டர் மேல் கோபம். ஜன்னலைச் சாத்தியது அவர்தானே. தன் மேலும் கோபம், ஆட்டுக்குட்டிக்குச் சிரித்ததற்கு. அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது, வந்ததுமே மூக்கைத் துடைத்துவிட்டு இளித்தாள்: குரல் போனது அப்பாவுக்குத் தெரியாதே! தெரிய வேண்டாம். தெரியவே வேண்டாம்.

மறுநாள் காலை ஆறுக்குப் பார்சல் ரூம் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து, "சிவகிரி வாசு புளியங்குடி கடையநல்லூர் தென்காசி தென்காசி தென்காசீ" என்று ஆவுடையப்பன் கூவினார். மைதீன் பிச்சையின் கையில் டீ அந்தரத்தில் நின்றது. முப்பு வெளியே வந்து விரலை உதட்டில் வைத்தாள்.

"மாமா, அப்பாவுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பண்ணுதேன் மருமவளே," என்றார் மைதீன், கண் கலங்கி. "ஏ வேலாயுதம், நீரும் பண்ணும்வே."

ஊரே பண்ணியது. ஹார்லிக்ஸைத் திருப்பிக் கொண்டுபோன ஊருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. சந்துக்குள் போய் ஓட்டை விழுந்த கழுத்தைப் பார்ப்பதைவிட ஸ்டாண்டில் நின்று ரகசியத்தைக் காப்பாற்றுவது லேசாக இருந்தது. மைதீன் தொண்டைக்கு இஞ்சி டீ கொடுத்தார். தினம் காலையிலும் சாயங்காலமும் முப்பு கூவினாள். பகல் வண்டிகளுக்கு வேலாயுதம் விசில் ஊதினார்.

"பகல்ல குரலுக்கு ரெஸ்டாம்ப்பா," என்று முப்பு அப்பாவிடம் அளந்தாள். "ரொம்பக் கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

ஆவுடையப்பன் ரொம்பக் கவலையாகத் தலையை ஆட்டி, 'நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லு' என்று எழுதினார். முப்பு முற்றத்துக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம்பிட்டாரு! தினமும் ஆறு மணிக்கு அவர் கட்டிலில் விரலால் தாளம் போடுவதாக அம்மா சொன்னாள், சொல்லிக்கொண்டே மாத்திரையை உரித்துக் கொடுத்தாள். "தென்காசி வண்டி கூப்பிட்டுட்டாங்களா, மாத்திரை குடுத்துட்டீங்களாக்கா?" என்று சிஸ்டரும் கேட்டார். அம்மாவும் நம்பிட்டா. சிஸ்டரும் நம்பிட்டாங்க. இவ்வளவு நீளமான ஏமாற்று வேலையை முப்பு ஆயுளில் செய்ததில்லை.

ஐப்பசி மழையில் அப்பாவும் அம்மாவும் மதுரைக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போய்விட்டு வந்தார்கள். அப்பாவின் கழுத்தில், ஓட்டைக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு வீக்கம் இருந்தது. மழைக்கு வீங்கியிருக்கிறது என்றாள் அம்மா. ஈரச் சேலையோடு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம்னு சொல்லிட்டாங்கட்டி. சிஸ்டரே வீட்டுக்கு வந்து பாத்துக்குவாங்களாம்."

அலைய வேண்டாம்! முப்பு குதித்த குதியில் உத்தரத்துப் பல்லி விழுந்தது. மறுநாள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் மிட்டாய் கொடுத்தாள், டீச்சர் குரலிலேயே டீச்சருக்கு நன்றி சொன்னாள், சாயங்காலம் ஸ்டாண்டில் மைதீனுக்கும் வேலாயுதத்துக்கும் கொடுத்தாள், செவ்வாய்க்கிழமை சிஸ்டர் வந்ததும் பச்சைத் தாள் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எதுக்கு முப்பு?"

"அப்பாவுக்குச் சரியாயிட்டுல்லா!"

சிஸ்டர் கனியைப் பார்த்தார். கனி குடத்தைப் பார்த்தாள். சிஸ்டர் மிட்டாயை வாங்கி, பையின் முன்பக்க அறையில் வைத்து ஜிப்பை மூடினார். "பொறவு சாப்பிடுதேன்."

செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்த சிஸ்டர், செவ்வாயும் வெள்ளியும் வர ஆரம்பித்தார், பிறகு நாள் விட்டு நாள் வந்தார். நம்ம வீட்டுக் காப்பி அப்படி, என்று முப்பு எல்லாரிடமும் சொன்னாள். தென்காசிக்கு ஒரு மாத்திரை இரண்டு மாத்திரை ஆயிற்று. சிஸ்டர் அவளுக்குக் கழுத்துத் துணி நனைத்துப் போடவும், முதுகில் புண் வராமல் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கவும், காய்ந்த உதட்டைப் பஞ்சால் துடைக்கவும் கற்றுக்கொடுத்தார். சிஸ்டர் குரலிலேயே "நல்லா தொடச்சு விடணும்க்கா" என்று முப்பு அம்மாவை அதட்டுவாள். ஒருநாள் துணியை மடித்துக்கொண்டே சிஸ்டர், "ஒனக்கு எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா முப்பு? எது வேணாலும் கேளு" என்றார்.

முப்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரிச் செய்து, அச்சு அசல் ஜெயசீலியாக, "வலி எத்தனை சிஸ்டர்? விரலக் காட்டுங்க" என்றாள்.

சிஸ்டர் சிரித்தார். விரலைக் காட்டவில்லை.

இன்னொரு நாள் கொல்லைப்புறத்தில் அம்மாவும் சிஸ்டரும் தணிந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் இவளைக் கண்டதும் நிறுத்தினார்கள். "பரீட்ச முடியட்டும்னு சொல்லிட்டிருந்தேன்," என்றாள் அம்மா. புதுக் கம்மல் வாங்கப் போகிறார்கள் என்று முப்பு கண்டுபிடித்து, தனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி நடித்தாள்.

மாசி மாதம், பரீட்சைக்குப் பத்து நாள் இருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது முப்புவின் தொண்டையில் சத்தம் இல்லை. இருமிப் பார்த்தாள், உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. ஸ்டாண்டுக்கு ஓடி மைதீனிடம் கழுத்தைக் காட்டி, கையை விரித்தாள்.

"சத்தம் போயிட்டா? ஐயோ, ஆறுக்கு இன்னும் அஞ்சு நிமிசந்தான இருக்கு!" மைதீன் அடுப்பைத் தணித்தார், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். "நீ வீட்டுக்குப் போ மருமவளே. அவர்ட்ட பேச்சுக் குடுத்துட்டே இரு. ஸ்டாண்ட நான் பாத்துக்கிடுதேன்."

அவள் சந்துக்குள் திரும்பியபோது வாசலில் நீல ஸ்கூட்டர் நின்றது. நேற்றுத்தானே வந்தார் என்று ஒரு எண்ணம் வந்து, ஆறு மணி அவசரத்தில் போய்விட்டது. உள்ளே சிஸ்டர் வெள்ளைப் பட்டுச் சேலையில், தலையில் பூ இல்லாமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அம்மா மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. முப்பு அப்பாவின் தலைமாட்டில் போய் நின்று, பேச்சுக் கொடுக்கக் குரல் இல்லாததால், பல்லைக் காட்டினாள்.

ஆறு அடித்தது.

"சிவேரி..." என்று ஆரம்பித்தது மைதீன் பிச்சையின் குரல், கதவில் விரல் நசுங்கிய ஆளுடைய குரல். "சிவேரி, புளியங்குடி, ஆங், கடேநல்லூரு..."

"வாசுவ விட்டுட்டீருவே!" என்று பக்கத்திலிருந்து வேலாயுதம்.

"வாசு! வாசுவும் உண்டு! வாசு, பொறவு... எல்லாம் உண்டுய்யா, ஏறுங்க! தென்காசி தென்காசி தென்காசீஈஈஈஈஈஈ..." அந்தக் கடைசித் தென்காசி இழுத்துக்கொண்டே போனது, மூச்சு முட்டியது, நடுவில் ஒரு தும்மல் விழுந்தது, தும்மலுக்குப் பிறகும் விட்ட இடத்திலிருந்து இழுத்தது.

கட்டில் ஆடியது. அப்பாவுக்கு ஏதோ செய்கிறது என்று முப்பு பதறிக் குனிந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டிலும் தண்ணீர் ஓட, எலும்பாய்ப் போன தோள்கள் குலுங்க, கட்டில் கால் தரையில் தடதடவென்று அடிக்க, மூன்று நடைமேடைக்கும் கேட்ட சிரிப்பு ஒரு சத்தமும் இல்லாமல் கழுத்துத் துணியைப் படபடவென்று எழுப்பி எழுப்பி அடக்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தார். முப்புவும் சிரித்தாள், அவள் சிரிப்பிலும் சத்தம் வரவில்லை, அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து காற்றாய்ச் சிரித்தார்கள். இதுதான் சொன்ன சிரிப்பு.

அவர் சிலேட்டைக் கேட்டார். நடுங்கி நடுங்கி எழுதினார்: 'மைதீன் இழுக்கான் பாரு. நீ ஒரு நாளாவது இழுத்தியா.'

முப்புவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சாக்பீஸைப் பிடுங்கிக் கீழே எழுதினாள்: 'எப்பலேந்து தெரியும்?'

'முத நாள்.'

அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்தபடியே தலையை ஆட்டினாள். சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டரும் ஆட்டினார். அடப் பாவிகளா! ரெஸ்ட் எடுக்கச் சொல்லு என்று எழுதிய ஆளா இது! நாலு மாசத்துக்கு மேலாக ஊரையே கூட்டுச் சேர்த்து ஏமாற்றிக்கொண்டிருந்தவளை இந்த மூன்று பேரும் உட்கார வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். இடுப்பில் கையை வைத்து, தலைமையாசிரியை மாதிரி மூக்கை விடைத்து, சிலேட்டைத் துடைத்துவிட்டுப் பெரிதாக எழுதி மூன்று பேருக்கும் காட்டினாள்:

'வேற என்னெல்லாம் ஏமாத்துனீங்க?'

சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். அப்பா சாக்பீஸை வாங்கினார். சாக்பீஸ் சிலேட்டில் பட்டு நின்றது, நகரவில்லை. அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் அதற்குப் பின்னால் இப்போது சிரிப்பு இல்லை.

சர்ச்சில் இரண்டாம் மணி அடித்தது. பாட்டுக் குழுவில் முதல் வரிசை, காய்ச்சலிலும் ஒரு ஞாயிறு தவறாத ஜெயசீலி சிஸ்டர் மணியைக் கேட்டார், எழுந்திருக்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டை விடவும் இல்லை.

"முப்பு," என்றார் மெதுவாக, "அந்தப் பையில புதுத் துணி இருக்கு, எடு."

முப்பு பையின் முன்பக்க அறையைத் திறந்தாள். துணிக் கட்டுக்கு அடியில், நாலு மாசமாகப் பிரிக்காமல், பச்சைத் தாள் சுற்றியபடியே இருந்தது மிட்டாய்.